நிரல்மொழிகளின் கதை – 23: இரண்டாம் பதிப்புக்கு வேறு பெயர்

சென்ற அத்தியாயத்தை 2016 மார்ச் 22-ல் நிறுத்தியிருந்தோம். ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்பும் 11 வரி நிரல், லெஃப்ட்-பேட். எழுதியவர் கோபித்துக்கொண்டு அதை என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, அதை நம்பியிருந்த பெரிய பெரிய ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களின் பில்டுகள் உலகம் முழுக்க நின்றுபோயின.

அந்தக் கதையில் ஒரு விவரத்தைச் சொல்லாமல் இந்த வாரத்துக்கு வைத்திருந்தேன். லெஃப்ட்-பேட் காணாமல்போன 10 நிமிடத்துக்குள் வேறொரு நிரலாளர் அதே வேலையைச் செய்யும் நிரலை அதே பெயரில் மறுபடி ஏற்றிவிட்டார். ஆனாலும் பிழைகள் அடங்கவில்லை. அவர் ஏற்றியது 1.0.0 என்ற எண்ணில். மேலே இருந்த லைப்ரரிகள் கேட்டதோ 0.0.3. பெயர் அதே, வேலை அதே, எண் மட்டும் வேறு. கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. நீக்கப்பட்ட 0.0.3-ஐ என்.பி.எம். நிறுவனமே பேக்கப்பிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்த பிறகுதான் நிலைமை சீரானது. அதற்குள் இரண்டரை மணி நேரம் போயிருந்தது.

அந்த மூன்று எண்களுக்கு அத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்தது? கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிய 'செமான்டிக் வெர்ஷனிங்' விதிகளைப் பற்றி 19-வது அத்தியாயத்தில் பார்த்தோம். பிழை திருத்தினால் மூன்றாவது எண்ணைக் கூட்டு. புதிய வசதி சேர்த்தால் இரண்டாவது எண்ணைக் கூட்டு. பழைய நிரல் ஓடாதபடி எதையாவது மாற்றினால் முதல் எண்ணைக் கூட்டு. 1.4.2 என்ற எண்ணைப் பார்ப்பவர், 1.3-ல் ஓடிய என் நிரல் இதிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளலாம். அது முன்பின் பார்த்திராதவருக்கு ஒருவர் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று எந்தக் கம்பைலரும் சரிபார்ப்பதில்லை.

இந்த வாக்கை வாங்கிக்கொள்ளவே மறுத்த ஒரு மொழி இருந்தது. அதில் எண்ணே கிடையாது. அந்த மொழி எட்டரை வருடம் எண் இல்லாமல் தவித்து, கடைசியில் எண்களோடு சமாதானம் ஆன கதைதான் இந்த வாரம்.

கோ மொழி கூகிளுக்குள் பிறந்தது. 2007 செப்டம்பரில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் அதை வரையத் தொடங்கினார்கள். யுனிக்ஸைப் படைத்த அதே தாம்ப்சன்தான். 2009 நவம்பர் 10-ல் மொழி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிறந்த வீட்டின் பழக்கம் பிள்ளைக்கு வருவதுபோல, கூகிளின் ஒரு பழக்கம் கோவுக்கும் வந்தது.

கூகிளில் ஏறக்குறைய எல்லா நிரலும் ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. 2015 ஜனவரிக் கணக்கில் சுமார் 200 கோடி வரிகள், 86 டெராபைட். அங்கே பெரும்பாலும் 'எந்தப் பதிப்பு' என்ற கேள்வியே எழாது. எல்லோரும் எப்போதும் கடைசியாக இருப்பதையே பயன்படுத்துகிறார்கள். நான் ஒரு லைப்ரரியை மாற்றினால், அதனால் பாதிக்கப்படும் மற்றவர்களின் நிரல்களையும் தேடிப்போய்த் திருத்தவேண்டியது என் பொறுப்பு. யாரெல்லாம் என் லைப்ரரியைப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நிரலைத் திறந்து பார்க்க முடியும். சோதனைகளை ஓட்டிப் பார்க்கவும் முடியும். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களுக்கு வாக்கு தேவைப்படுவதில்லை, சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிடலாம்.

2010 பிப்ரவரியில் வெளியார் எழுதும் கோ லைப்ரரிகளை இறக்குவதற்கு 'கோ இன்ஸ்டால்' என்ற கருவி வந்தது. 2012 மார்ச்சில் கோ 1 வெளியானபோது அதன் இடத்தை 'கோ கெட்' பிடித்தது. அதன் யோசனை இன்றைக்கும் அழகானது என்றுதான் சொல்வேன். என்.பி.எம். போல நடுவில் ஒரு களஞ்சியம் கிடையாது, பெயர் பதிவு கிடையாது, பதிவுக்காகச் சண்டையும் கிடையாது. லைப்ரரியின் பெயர் என்பது அது இருக்கும் இணைய முகவரிதான். நிரலுக்குள் அந்த முகவரியை எழுதினால் போதும்; கருவி அங்கே போய் எடுத்துவரும்.

எதை எடுத்துவரும்? அந்த நொடியில் அங்கே எது கடைசியாக இருக்கிறதோ அதை. ஏற்கெனவே உங்கள் கணினியில் ஒரு பிரதி இருந்தால், நீங்களாக வற்புறுத்தாத வரை அதைத் தொடாது. இந்த இரண்டு வழக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். திங்கட்கிழமை இறக்கியவருக்கு ஒரு நிரல், வெள்ளிக்கிழமை இறக்கியவருக்கு வேறொரு நிரல். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. வித்தியாசத்தைச் சொல்லும் எண் எங்கும் இல்லை.

2014-ல் நான் இருந்த குழுவில் மூன்று பேர் கோவில் ஒரு சிறு சேவையை எழுதிக்கொண்டிருந்தோம். நான்காவதாக ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் மத்தியானம் என் மேஜைக்கு வந்து, “அண்ணா, என் மெஷின்ல மட்டும் கம்பைல் ஆகல. நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல” என்றார். அவர் எந்தத் தப்பும் பண்ணவில்லை. எங்கள் மூவரிடமும் இருந்தது எட்டு மாதப் பழைய பிரதி. அவருக்கு வந்தது அன்று காலையின் பிரதி. இடையில் யாரோ ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு அளவுருவைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு இளம் நிரலாளரை அப்படி உட்காரவைத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கேட்பதில்லை.

கோ குழுவினரிடம் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. 2013-ன் கடைசியில் அவர்களுடைய கேள்வி-பதில் பக்கத்தில் ஓர் அறிவுரை சேர்க்கப்பட்டது. பொதுப் பயன்பாட்டுக்கான லைப்ரரி வளரும்போது பழையதை உடைக்காமல் வளர வேண்டும். உடைத்தே தீரவேண்டுமென்றால் புதிய பெயரில், புதிய முகவரியில் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து இதுவே சட்டமாகப் போகிறது. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முகவரியே பெயர் என்ற ஏற்பாட்டுக்கும் ஒரு விலை இருந்தது. லாக்ரஸ் என்று ஒரு லைப்ரரி. நிரல் ஓடும்போது நடப்பவற்றைப் பதிவுசெய்வது அதன் வேலை. கோ உலகில் அதைப் பயன்படுத்தாதவர்கள் குறைவு. 2017-ல் அதன் ஆசிரியர் கிட்ஹப்பில் தன் பயனர் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் பயனர் பெயர் முகவரியின் பகுதி, முகவரி லைப்ரரியின் பெயர். ஆகவே பாதி உலகம் பழைய எழுத்திலும் மீதி உலகம் புதிய எழுத்திலும் அதே லைப்ரரியை அழைக்க, இரண்டையும் ஒரே திட்டத்துக்குள் கண்ட கம்பைலர் மறுத்துவிட்டது. எந்த எழுத்து உங்கள் கையில் இருக்கிறது என்பது போதாது. நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி பயன்படுத்தும் லைப்ரரி எந்த எழுத்தில் அழைக்கிறது என்பதுவரை தேடவேண்டியிருந்தது. ஒருவரிடம் சொன்னால் தீராது, எல்லோரும் மாற்ற வேண்டும்.

2018 பிப்ரவரியில் நடந்தது இன்னும் கலக்கமானது. கோ-பைன்டேட்டா என்ற கருவியை எழுதியவர் தன் கிட்ஹப் கணக்கையே மூடிவிட்டார். விடுபட்ட அந்தப் பெயரை வேறு ஒருவர் பதிவுசெய்து, பழைய நிரலை அங்கேயே திரும்ப வைத்தார். பில்டுகள் நின்றுபோகாமல் இருக்க நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொன்னார். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. நல்லெண்ணம் இல்லாத ஒருவர் அந்தப் பெயரை எடுத்திருந்தால்?

இதற்கிடையே ஆளாளுக்கு ஒரு கருவி செய்துகொண்டார்கள். கோடெப், கிளைட், ஜிபி, கோவெண்டர் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் எந்த நாளின் பிரதி வேண்டும் என்பதை ஒரு தனிக் கோப்பில் குறித்துவைக்கும். ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குப் புரியாது. அதிகாரபூர்வமாக வந்த ஒரே நிவாரணம் 'வெண்டர்' அடைவு. 2015 ஆகஸ்டில் கோ 1.5-ல் சோதனையாக வந்து, 2016 பிப்ரவரியில் கோ 1.6-ல் இயல்பு வழக்கமானது. உங்களுக்கு வேண்டிய லைப்ரரிகளையெல்லாம் பிரதியெடுத்து உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த ஏற்பாடு. ஊர்க்கிணற்றை நம்ப முடியாதவர்கள் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டிக்கொண்டதுபோல. நம்பகமானதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் எப்போது பிடித்தது, யார் பிடித்தது என்ற கணக்கு அதில் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று, பதிப்புகளைத் தேர்ந்தெடுப்பது ஏன் கடினம் என்று பார்த்துவிடுவோம். இது புரியாமல் பின்னால் வரும் சண்டை புரியாது.

நீங்கள் ஒரு மளிகைக் கடைக்கான நிரல் எழுதுகிறீர்கள். பில் அச்சடிக்க ஒரு லைப்ரரி, வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு லைப்ரரி. இரண்டும் உள்ளுக்குள் தேதிக் கணக்குக்கு ஒரே மூன்றாவது லைப்ரரியைப் பயன்படுத்துகின்றன. பில் லைப்ரரி, தேதி லைப்ரரியின் 1.2 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்கிறது. எஸ்.எம்.எஸ். லைப்ரரி 1.4 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்கிறது. சந்தையில் இன்று கிடைக்கும் கடைசிப் பதிப்பு 1.9. எதை எடுப்பது?

வழக்கமான கருவிகள் 1.9-ஐ எடுக்கும். புதியதே நல்லது என்பது அவற்றின் கணக்கு. எஸ்.எம்.எஸ். லைப்ரரியின் ஆசிரியர் '1.7 மட்டும் வேண்டாம், 1.9-க்குக் கீழே இருக்க வேண்டும்' என்றும் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வோம். உடனே கருவி 1.8-ஐ முயல வேண்டும். ஆனால் பில் லைப்ரரியின் புதிய பதிப்புக்கு 1.8 ஒத்துவராமல் போகலாம். அப்போது பில் லைப்ரரியின் பழைய பதிப்புக்குப் பின்வாங்க வேண்டும். அந்தப் பழைய பதிப்புக்கு வேறொரு லைப்ரரியின் வேறொரு பதிப்பு வேண்டியிருக்கும். மூன்று லைப்ரரிக்குக் கையால் போட்டுவிடலாம். முந்நூறு லைப்ரரி இருந்தால்?

டெபியன் லினக்ஸின் பேக்கேஜ்களை வைத்து 'இடாஸ்' என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தினர் 2000-களின் நடுவிலேயே இதை ஆராய்ந்து, இது என்.பி-கம்ப்ளீட் வகைக் கணக்கு என்று நிரூபித்திருந்தார்கள். விடையைக் கையில் கொடுத்தால் சரியா என்று சட்டென்று பார்த்துவிடலாம். ஆனால் விடையை எப்போதும் வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி எவருக்கும் தெரியாது. நடைமுறையில் கருவிகள் பெரும்பாலும் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாத நாளில் ஒரு பக்க நீளத்துக்குப் பிழைச்செய்தியைக் கொட்டிவிட்டு நிற்கும். அதைப் படித்து அழாத நிரலாளரை நான் சந்தித்ததில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் வேறு வழி கண்டது. பில் லைப்ரரிக்கு ஒரு பிரதி, எஸ்.எம்.எஸ். லைப்ரரிக்கு ஒரு பிரதி என்று தேதி லைப்ரரியையே இரண்டாக வைத்துக்கொள்ளும். மோதல் தீர்ந்தது, எடை கூடியது. கோவில் அது சரிவராது. ஒரே லைப்ரரியின் இரண்டு பிரதிகளிலிருந்து வரும் 'தேதி'களை கோவின் கம்பைலர் இரண்டு வெவ்வேறு வகைகளாகப் பார்க்கும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் கொடுத்தால் ஏற்காது.

கதைக்குத் திரும்புவோம். 2016 பிப்ரவரியில் சாம் பாயர் என்ற நிரலாளர், பேக்கேஜ் மேலாண்மைக் கருவி எழுத விரும்புகிறவர்களுக்காக மிக நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். இந்தத் துறையில் மற்ற மொழிகள் பட்டதையெல்லாம் படித்துச் செரித்தவர் என்பது அதில் தெரிந்தது. அந்த வருடம் ஜூலையில் டென்வரில் நடந்த கோஃபர்கான் மாநாட்டை ஒட்டி, பீட்டர் போர்கன் முன்னின்று ஒரு குழுவைக் கூட்டினார். பாயரும் அதில் இருந்தார். கூகிளுக்கு வெளியே இருக்கும் கோ சமூகமே உட்கார்ந்து பேசி, ஆளாளுக்கு ஒரு கருவி என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவருவது நோக்கம். 2017 ஜனவரியில் 'டெப்' என்ற கருவி பொதுவில் வந்தது. 'அதிகாரபூர்வச் சோதனை' என்று அது அழைக்கப்பட்டது. பல நிறுவனங்கள் அதற்கு மாறின. அத்தனை வருடத் தவிப்புக்கு விடிவு வந்துவிட்டது என்று நாங்கள் நம்பினோம்.

டெப் மற்ற மொழிகளின் வழியில் போனது. எண்களை நம்பும்; மேல் வரம்பு, கீழ் வரம்பு எல்லாம் சொல்லலாம்; அந்தக் கடினமான கணக்கைப் போட்டு, விடையை ஒரு பூட்டுக் கோப்பில் எழுதிவைக்கும்.

கூகிளில் கோ குழுவை வழிநடத்திய ரஸ் காக்ஸுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 2016 டிசம்பரிலேயே அவர் இந்தக் கணக்கின் கடினத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். கணக்கு கடினமாக இருப்பதற்குக் காரணம் அதை நாம் அமைத்திருக்கும் விதம். அமைப்பை மாற்றினால் கடினமும் போய்விடாதா என்பது அவர் பிடித்த நூல். 2018 பிப்ரவரி 20-ல் 'விகோ' என்ற முன்மாதிரிக் கருவியோடு ஒரு கட்டுரைத் தொடரை வெளியிடத் தொடங்கினார்.

அவர் செய்தது இரண்டே காரியம். முதலாவது, லைப்ரரிகளிடமிருந்து 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை எடுத்துவிட்டார். ஒரு லைப்ரரி தனக்குக் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். மேல் வரம்பு கிடையாது. எல்லோரும் சொன்ன குறைந்தபட்சங்களில் எது பெரியதோ அதுவே விடை. நம் மளிகைக் கடைக் கணக்கில் பில் லைப்ரரி 1.2 என்றது, எஸ்.எம்.எஸ். லைப்ரரி 1.4 என்றது, விடை 1.4. சந்தையில் 1.9 இருப்பதைக் கருவி ஏறெடுத்தும் பார்க்காது. பின்வாங்கல் இல்லை, தேடல் இல்லை. ஒரு பள்ளி மாணவி தாளில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

இதன் பலனை உணர எனக்குச் சில நாள் பிடித்தது. இன்று ராத்திரி உலகின் எந்த மூலையில் யார் எந்தப் புதிய பதிப்பை வெளியிட்டாலும், நாளைக் காலை என் பில்டு மாறாது. நானாகக் கை வைத்தால்தான் மாறும். எந்தப் பதிப்பு என்பதைத் தனியாகப் பூட்டிவைக்க வேண்டியதே இல்லை. யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் 'கோ-மாட்' கோப்பே போதும். எட்டு மாதம் கழித்து வந்து சேரும் நான்காவது நிரலாளருக்கும் அதே நிரல் கிடைக்கும்.

இரண்டாவது காரியம், பழைய கேள்வி-பதில் பக்கத்தின் அறிவுரையைச் சட்டமாக்கியது. இரண்டு நிரல்களுக்குப் பெயர் ஒன்றே என்றால், புதியது பழையதை உடைக்கக் கூடாது. உடைத்தால் அது வேறு நிரல். அதற்கு வேறு பெயர் வேண்டும். ஒரு லைப்ரரி இரண்டாம் முதன்மைப் பதிப்புக்குப் போனால், அதன் முகவரியின் வாலில் 'வி2' என்று சேர்த்தாக வேண்டும். பயன்படுத்துபவர்கள் எல்லோரும் தங்கள் நிரலில் அந்த வரியைக் கையால் மாற்ற வேண்டும். பதிலுக்கு, வி1-ம் வி2-ம் ஒரே திட்டத்துக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கலாம். பெயர்தான் வேறாயிற்றே.

இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முதல் எண்ணைக் கூட்டுவது விசையை அழுத்துவதுபோல இலகுவாக இருந்த காலத்தில், லைப்ரரி ஆசிரியர்கள் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப்போட்டார்கள். அந்தச் சுமையைச் சுமந்தது அவர்களை நம்பிய ஆயிரக்கணக்கானவர்கள். கோவின் விதி அந்தச் சுமையில் ஒரு பங்கை, உடைப்பவரின் தலையிலும் ஏற்றியது. புதுப் பெயர் வைக்க வேண்டும் என்றதும் பலர் யோசிக்கத் தொடங்கினார்கள். கூகிளின் புரோட்டோபஃப் லைப்ரரியே 2020 மார்ச்சில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டபோது, முழுக்க வேறொரு முகவரியில், குழப்பம் வராதிருக்க 1.20.0 என்ற எண்ணிலிருந்து தொடங்கியது. வாலில் 'வி2' ஒட்டவில்லை.

ஆனால் 2018-ன் அந்த பிப்ரவரியில் டெப் குழுவினர் எப்படி உணர்ந்திருப்பார்கள்? ஒன்றரை வருடம் உழைத்தவர்கள். பெரும்பாலும் சொந்த நேரத்தில். எல்லோரையும் கேட்டு, பேசி, ஒத்துக்கொள்ளவைத்து ஒரு கருவியைக் கட்டியிருந்தார்கள். அது ஊன்றும் நேரத்தில், கோ குழுவிலிருந்து ஒருவர் முற்றிலும் வேறான வடிவமைப்போடு வருகிறார். மே மாதமே அது ஏற்கப்பட்டும் விடுகிறது. போர்கன் பிற்பாடு தன் வருத்தத்தைப் பகிரங்கமாக எழுதினார். பாயர் தொழில்நுட்ப மறுப்பை விரிவாக எழுதினார். காக்ஸின் வடிவமைப்பு சிறந்தது என்றே நான் நினைக்கிறேன். அது வந்த விதம் பலரைக் காயப்படுத்தியது. அந்தக் காலத்தில் கோ சமூகத்தில் இருந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள், மறக்கவும் வேண்டியதில்லை.

பாயரின் மறுப்பில் ஒரு கூரான புள்ளி இருந்தது. லைப்ரரி ஆசிரியர்கள் வாக்கு மீறுவார்கள். வேண்டுமென்று இல்லாவிட்டாலும், தெரியாமல். இரண்டாவது எண்ணை மட்டும் கூட்டிவிட்டுப் பழையதை உடைத்துவிடுவார்கள். அப்படி நடந்தால், பாதிக்கப்பட்ட லைப்ரரி தன்னைப் பயன்படுத்துபவர்களுக்கு 'அந்தப் பதிப்பு நமக்கு ஒத்துவராது' என்று சொல்ல ஒரு வழி வேண்டாமா? காக்ஸின் ஏற்பாட்டில் தவிர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் வழி உண்டு. ஆனால் மேலே இருக்கும் கடைசித் திட்டம் சொன்னால்தான் செல்லும். நடுவில் இருக்கும் லைப்ரரி சொல்வதைக் கருவி காதில் வாங்காது.

2018 ஆகஸ்டில் கோ 1.11-ல் 'மாட்யூல்' என்ற பெயரில் இது சோதனையாக வந்தது. 2019 செப்டம்பரில் கோ 1.13 வந்தபோது கூடவே கூகிள் நடத்தும் இரண்டு சேவைகளும் இயல்பு வழக்கமாயின. ஒன்று, உலகத்தின் பொது கோ லைப்ரரிகளைக் கேட்கும்போதே பிரதியெடுத்துக் காத்துவைக்கும் சர்வர். ஆசிரியர் கோபித்துக்கொண்டு நீக்கினாலும் பெரும்பாலும் பிரதி இருக்கும்; லெஃப்ட்-பேட் கதை இங்கே அவ்வளவு சுலபமாக நடக்காது. மற்றொன்று, ஒவ்வொரு பதிப்பின் கைரேகையையும் அழிக்க முடியாத பேரேட்டில் எழுதிவைக்கும் சேவை. 1.4.2 என்று நேற்று உங்களுக்குக் கொடுத்ததும் இன்று எனக்குக் கொடுப்பதும் ஒன்றுதானா என்று கருவி தானே சரிபார்க்கும்.

நடுவில் களஞ்சியம் இல்லாத மொழி என்று தொடங்கியதற்கு, கடைசியில் நடுவில் ஒரு சர்வர் வந்து உட்கார்ந்துவிட்டது. சோர்ஸ்ஹட் என்ற சிறிய சேவை, அந்த சர்வர் ஓயாமல் வந்து பிரதியெடுப்பதால் தன் கணினிகள் திணறுவதாக 2022-ல் முறையிட்டது. தீர 2023 வரை ஆனது. 2025 பிப்ரவரியில் இன்னொன்று வெளியே வந்தது. போல்ட் என்ற புகழ்பெற்ற தரவுத்தள லைப்ரரியின் பெயரை ஒத்த பெயரில், தீய நிரல் ஒன்றை யாரோ 2021-லேயே வைத்திருந்தார்கள். சர்வர் அதைப் பிரதியெடுத்ததும், மூல இடத்தில் நல்ல நிரலைக் காட்டும்படி மாற்றிவிட்டார்கள். போய்ப் பார்த்தவர் கண்ணுக்கு நல்லது தெரிந்தது. கருவி கொடுத்ததோ காத்துவைத்த பழைய பிரதியை. மாறாமல் காப்பது என்றால் கெட்டதையும் மாறாமல் காப்பதுதான்.

பாயர் சொன்னதற்கு வருவோம். அதற்குச் சோதனை 2020 தொடக்கத்தில் வந்தது. ஜிஆர்பிசி என்ற லைப்ரரி 1.27 பதிப்பை வெளியிட்டது. சர்வர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் அடித்தள லைப்ரரி அது. அதில் சோதனைநிலை என்று குறிக்கப்பட்டிருந்த சில பகுதிகள் மாறியிருந்தன. சோதனைநிலை என்று சொல்லித்தானே வைத்திருந்தோம் என்பது அவர்கள் பக்க நியாயம். ஆனால் எட்சிடி என்ற லைப்ரரி அந்தப் பகுதிகளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. குபர்னெட்டிஸ் தன் நினைவையெல்லாம் வைத்திருக்கும் இடம் எட்சிடி. அதை ஆயிரக்கணக்கான திட்டங்கள் பயன்படுத்தின.

ஒரு திட்டத்துக்குள் எங்கோ ஆழத்தில் ஏதோ ஒரு லைப்ரரி ஜிஆர்பிசி 1.27 வேண்டும் என்று சொன்னால் போதும். குறைந்தபட்சங்களில் பெரியது அதுதான், அதுவே தேர்வாகும், எட்சிடி கம்பைல் ஆகாது. '1.26-க்கு மேல் போகாதே' என்று எட்சிடியால் தன் கோ-மாட் கோப்பில் சொல்ல முடியாது. சொன்னாலும் செல்லாது. ஆகவே ஒவ்வொரு திட்டமும், தன் கோப்பின் அடியில், தானே ஒரு வரி எழுதிக்கொண்டது: ஜிஆர்பிசி கேட்டால் 1.26.0-ஐக் கொடு. ஒருவரைப் பார்த்து ஒருவர் அந்த வரியைப் பிரதியெடுத்தார்கள். ஏன் எழுதுகிறோம் என்று தெரியாமலேயே பலர் எழுதினார்கள்.

2021 பிப்ரவரியில் கோ 1.16-ல் மாட்யூலே இயல்பு வழக்கமானது. அதே வருடம் ஜூனில் எட்சிடி 3.5 வந்தது, புதிய ஜிஆர்பிசியோடு ஒத்துப்போகும் பதிப்பு. அதற்கு முன் எட்சிடியின் முகவரி, காக்ஸின் சட்டம் கேட்ட 'வி3' என்ற வாலைச் சுமக்காமல்தான் இருந்தது. 3.5-ல் அந்த வாலும் சேர்ந்தது, பெயரும் மாறியது. அதற்குப் பிறகு அந்த 1.26.0 வரிக்குத் தேவை இல்லை.

போன வருடம் ஒரு பழைய திட்டத்தைத் திறந்தபோது அதன் கோ-மாட் கோப்பின் அடியில் அந்த வரி இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதப்பட்டிருந்தது: 'எடுக்காதீர்கள்.' எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எடுத்துப் பார்த்தேன். கம்பைல் ஆனது. சோதனைகளும் ஓடின. மாற்றத்தைச் சேர்த்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்பதை நான்கு வரியில் எழுதிவைத்தேன்.

(அடுத்த அத்தியாயம்: பைதான் 2-லிருந்து 3 வரை)